புதுசா ஆடுறவங்க

மூன்றாவது தடவையாகவும் சர்வேயர் கையில் நல்ல சீட்டு ஒன்றுமில்லாமல், காசுக்குப் பதிலாக வைத்திருந்த பொத்தான்களைக் குவியலாக நடுவில் தள்ளினார். மூன்றாவது தடவையாகவும் மாமியார் பயப்படவில்லை.

"இவ்வளவு வைக்கிறீங்களே மாப்பிள்ளை, அப்படி என்னதான் வந்திருக்கு? பார்த்துடலாம்," என்று அதே அளவு பொத்தான்களைத் தன் பக்கத்திலிருந்து நகர்த்தினார்.

பார்த்தார்கள். சர்வேயரிடம் ஓர் ஏழும் ஓர் எட்டும் இருந்தன. மேஜை நடுவில் விரித்திருந்த ஐந்து சீட்டுகளும் அவற்றை யாரென்றே கண்டுகொள்ளவில்லை. மாமியாரிடம் ஒரு நாலு இருந்தது. நடுவிலும் ஒரு நாலு கிடந்தது. நாலு ஜோடி என்பது கல்யாண போட்டோவில் கடைசி வரிசையில் தலை மட்டும் தெரிகிற உறவுக்காரர் மாதிரி. இருந்தாலும் ஒன்றுமே இல்லாதவரைத் தோற்கடிக்க அது போதும்.

"அட, நானா ஜெயிச்சேன்?" என்றார் மாமியார். குரலில் சந்தோஷமே இல்லை.

புதுசா ஆடுறவங்களுக்கு ஜெயித்ததுகூட உடனே உறைக்காது என்று சர்வேயர் நினைத்துக்கொண்டார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போனார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

"என்னங்க பண்றீங்க? அம்மா போன வாரம்தான் இந்த ஆட்டத்தைக் கத்துக்கிட்டாங்க."

"அதுதான் பிரச்சினை. ஆட்டம் தெரிஞ்சவங்களா இருந்தா இந்நேரம் பயந்து கவிழ்த்திருப்பாங்க."

"அப்ப தெரியாதவங்களை ஜெயிக்கவே முடியாதா?"

"முடியும். வேற மாதிரி ஆடணும். கொஞ்சம் பொறு."

"பொறுத்துக்கறேன். ஆனா தோத்துட்டா நாளைக்கு நம்ம பொண்ணு அம்மா வண்டியிலே ஸ்கூலுக்குப் போகணும். அதை மறந்துடாதீங்க."

அவர் மறக்கவில்லை. அதை மறக்க முடிகிற வேலையும் அவருக்கு வாய்க்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, மோதின வண்டிகளைப் போய்ப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று மதிப்புப் போடுவது அவர் தொழில். பாதி நாள் ஷெட்டிலும் பாதி நாள் சாலையோரத்திலும் போகும். நசுங்கின கதவைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் இடித்தது என்று சொல்லிவிடுவார். மாமியார் வண்டியின் முன்பக்க பம்பரையும் அப்படித் தடவிப் பார்த்திருந்தார். அது ரொட்டிக் கடை வாசலில் நடைபாதை மேல் ஏறின அடையாளம். கடைக்காரர் ஒரு பால் பெட்டியோடு தப்பித்தார். அதற்குப் பிறகு ஒரு சைக்கிள்காரர் வசவோடு தப்பித்தார். மூன்றாவதாக ஒருவர் தப்பிக்காமல் போகிற நாள் வரக் கூடாது என்பதுதான் வீட்டில் எல்லோருடைய கவலையும்.

ஆனால் யார் சொல்வது?

மாமியார் சாதாரண ஆள் இல்லை. தலைமுறைக் கணக்கில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். அந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். மீதிப் பேர் அப்படிக் கற்றவர்களைப் பார்த்து ஒதுங்கக் கற்றவர்கள். சர்வேயரே அவருடைய மாணவர்தான். லைசென்ஸ் சோதனையில் இரண்டு முறை கோட்டைவிட்டுவிட்டு, மூன்றாம் முறைக்குப் பயிற்சி எடுக்க வந்தபோது வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். லைசென்சும் கிடைத்தது, பெண்ணும் கிடைத்தாள். மாமியார் மட்டும் இரண்டையும் கொஞ்சம் அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டோமோ என்கிற முகத்தோடு இன்றுவரை இருந்தார்.

அப்படிப்பட்டவரிடம் போய், "அத்தை, இனிமே நீங்க வண்டி ஓட்ட வேண்டாம்," என்று சொல்லச் சர்வேயரையே அனுப்பினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லவும் சொன்னார். மாமியார் கோபப்படவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் கீழே நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லி வாங்கினா கொடுக்க மாட்டேன் மாப்பிள்ளை. நீங்க வாராவாரம் ஆபீஸ்காரங்களோட ஏதோ போக்கர் ஆடுவீங்களாமே. பெரிய கெட்டிக்காரர்னு இவ சொல்லுவா. அதை எனக்குச் சொல்லிக்கொடுங்க. அடுத்த ஞாயிறு ஆடுவோம். நீங்க ஜெயிச்சா சாவி உங்களுக்கு."

"நீங்க ஜெயிச்சா?"

"பேத்தியை நான்தான் தினமும் ஸ்கூல்லே கொண்டுபோய் விடுவேன். யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

சர்வேயர் உடனே ஒப்புக்கொண்டார். கரும்பு தின்னக் கூலியா என்று தோன்றியது. அன்றைக்கே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக. முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம், ஏற்றலாம், பிடிக்கவில்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். யாரிடம் பொத்தான் தீர்ந்துபோகிறதோ அவர் அவுட். மாமியார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "ராணி பெருசா, ராஜா பெருசா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இன்றைக்கு மாமியார் வீட்டு மேஜையில் நாலு பேர். சர்வேயர், மனைவி, மாமியார், நாலாவதாக எதிர் வீட்டு கார்டு. அவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசாதவர். யாராவது நடுநிலையாகச் சீட்டுப் போட வேண்டும் என்று மாமியார் அவரைக் கூப்பிட்டிருந்தார். கையில் சீட்டுக்கட்டைக் கொடுத்ததும் அவர் பட்டம் இன்னும் பொருந்திப் போயிற்று. அவர் ஆடவில்லை, போட்டார், அவ்வளவுதான்.

மனைவி முதல் கால் மணி நேரத்திலேயே அவுட். நல்ல சீட்டு வந்தால், "இது நல்லா இருக்கே," என்று வாய்விட்டுச் சொல்கிற பெண்ணுக்கு இந்த ஆட்டத்தில் எதிர்காலம் கிடையாது.

சமையலறையில் தண்ணீர் குடித்தபடி சர்வேயர் யோசித்தார். தான் செய்த தப்பு அவருக்கு விளங்கியது. பொய் சொன்னால், கேட்கிறவருக்கு அந்தப் பாஷை தெரிந்திருக்க வேண்டும். நாம் இப்படி ஏற்றுகிறோமே, நம் கையில் என்ன இருக்கும் என்று எதிராளி யோசித்தால்தான் பயப்படுவார். புதுசா ஆடுறவங்க தங்கள் கையிலிருக்கிற இரண்டு சீட்டைத் தவிர வேறெதையும் யோசிக்க மாட்டார்கள். ஒரு ஜோடி இருந்தால் போதும், இடி விழுந்தாலும் விடமாட்டார்கள். அவர்களிடம் போய்ப் பொய்யாகப் பந்தயம் ஏற்றுவது காது கேட்காதவரிடம் ரகசியம் சொல்வது மாதிரி.

ஆகவே இனிப் பொய் கிடையாது. நல்ல சீட்டு வரும்வரை காத்திருப்பது, வந்தால் கொட்டிவிடுவது. மாமியார் எப்படியும் பின்னாலேயே வருவார்.

திரும்பி வந்து உட்கார்ந்து காத்திருந்தார். ஏழெட்டுக் கை கவிழ்த்த பிறகு இரண்டு ஏஸ் வந்தது. இந்த ஆட்டத்தில் அதற்கு மேல் ஒரு கை கிடையாது. சர்வேயர் முகத்தைக் கழுவித் துடைத்த மாதிரி வைத்துக்கொண்டு, பொத்தான்களை நகர்த்தினார்.

"பார்க்கறேன்," என்றார் மாமியார்.

நடுவில் ராஜா, பத்து, ஆறு. சர்வேயர் இன்னும் ஏற்றினார்.

"பார்க்கறேன்."

நாலாவது சீட்டு மூணு. இன்னும் ஏற்றினார். மாமியார் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஐந்தாவது சீட்டும் மூணு. சர்வேயர் தன்னிடம் இருந்ததில் பெரும்பங்கைத் தள்ளினார். மாமியாரும் தள்ளினார்.

மாமியார் கையில் ஒரு மூணும் ஒரு எட்டும் இருந்தன. நடுவிலிருந்த இரண்டோடு சேர்ந்து மூன்று மூணு.

சர்வேயர் முகத்தில் ஈயாடவில்லை. "அத்தை, ராஜா, பத்து, ஆறுன்னு வந்தப்ப உங்க கையிலே ஒண்ணுமே இல்லையே. எதை நம்பி வந்தீங்க?"

"நீங்க அவ்வளவு தைரியமா வெச்சீங்க. சரி, மாப்பிள்ளை மேல நம்பிக்கை வெச்சு நானும் வெச்சேன்." மாமியார் வருத்தத்தோடு பொத்தான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தப்பா போயிடுச்சா?"

"தப்பு இல்லை அத்தை. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"அதைத்தான் கேக்கறேன்."

கார்டு தொண்டையைச் செருமிக்கொண்டு சீட்டைக் கலைத்தார்.

இது அதிர்ஷ்டம் என்று சர்வேயர் தன்னைத் தேற்றிக்கொண்டார். குருட்டு அதிர்ஷ்டம் ரொம்ப நேரம் ஓடாது. ஆனால் தன் கைவசம் இருந்த பொத்தான்களைப் பார்த்தபோது, அதுவரை தான் ஓட வேண்டுமே என்ற கவலை வந்தது. இப்போது உஷாராக ஆட வேண்டும். புதுசா ஆடுறவங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த இன்னொரு உண்மை இருந்தது. அவர்கள் யார் ஏற்றினாலும் பின்னால் வருவார்கள். ஆனால் தாங்களாக ஏற்ற மாட்டார்கள். தாங்களாக ஏற்றினால் கையில் நிஜமாகவே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது சத்தம் போடாமல் வழிவிட்டு விட வேண்டும்.

அவர் இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதே மாமியார் தானாக ஏற்ற ஆரம்பித்தார்.

சர்வேயர் கையில் ராஜா ஜோடி. நடுவில் ஏஸ், ராணி, ஐந்து. மாமியார் தன் குவியலில் பாதியை இரண்டு கையாலும் அணைத்து நடுவில் தள்ளினார். பொத்தான்கள் சரிந்து ஒன்றிரண்டு தரையில் உருண்டன. மனைவி குனிந்து எடுத்து வைத்தாள்.

சர்வேயர் வெகுநேரம் யோசித்தார். நடுவில் ஏஸ் கிடக்கிறது. அத்தை கையிலும் ஓர் ஏஸ் இருக்கிறது; இல்லாவிட்டால் இப்படிக் கொட்ட மாட்டார். ஏஸ் ஜோடிக்கு முன்னால் ராஜா ஜோடி நிற்காது. அற்பத்தனமான ஆட்டக்காரன்தான் இங்கே ஆசைப்படுவான். அவர் பெருமூச்சு விட்டு ராஜாக்களைக் கவிழ்த்தார்.

மாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கவிழ்த்துட்டீங்களா?"

"ஆமாம் அத்தை."

"நல்லா யோசிச்சுத்தானே கவிழ்த்தீங்க?"

"நல்லா யோசிச்சுத்தான்."

மாமியார் தன் சீட்டுகளைத் திருப்பினார். ஒரு ஏழு, ஒரு ரெண்டு. இந்த ஆட்டத்தில் அதற்குக் கீழே ஒரு கை கிடையாது.

"இதை வெச்சுக்கிட்டா ஏத்தினீங்க?"

"ஏத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே."

மனைவி சர்வேயரைப் பார்த்த பார்வையில், கல்யாண நாளிலிருந்து தள்ளிப்போட்டு வந்த ஏதோ ஒரு முடிவு தெரிந்தது. அவர் பார்வையைச் சீட்டுக்கட்டின் மேல் திருப்பிக்கொண்டார்.

இரண்டு கை கழித்து இன்னொரு கூத்து. சர்வேயர் தன்னிடம் இருந்த ஒரு ஜோடியை நம்பிச் சின்னதாக ஒரு பந்தயம் வைத்தார். மாமியார் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எனக்கு வேண்டாம்," என்று போட்டுவிட்டார். போட்டபோது சீட்டுகள் திரும்பி விழுந்தன. இரண்டும் ராணி. நடுவில் இன்னொரு ராணி பளிச்சென்று கிடந்தாள்.

"அத்தை, மூணு ராணி. இதைப் போய் விட்டுட்டீங்களே."

"மூணு பொம்பளைங்க ஒரே இடத்திலே இருந்தா சரிப்படாது மாப்பிள்ளை."

சர்வேயர் ஆட்டத்தை நிறுத்தினார். எந்தக் கை எதைவிடப் பெரியது என்று முதலிலிருந்து பாடம் எடுத்தார். ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே சீட்டு மூன்று, வரிசையாக ஐந்து என்று ஒவ்வொன்றாகச் சீட்டை அடுக்கிக் காட்டினார். மாமியார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஒரு காலத்தில் அவர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு இவருக்கு கிளட்ச்சையும் பிரேக்கையும் இப்படித்தான் விளக்கியிருப்பார். அப்போது இவர் எப்படி முழித்தாரோ, அதே முழியை இப்போது அவர் முழித்தார்.

"புரிஞ்சுதா அத்தை?"

"இப்ப நல்லாப் புரியுது. உங்களுக்குக் கஷ்டமான வேலைதான் மாப்பிள்ளை," என்றார் மாமியார். அதில் கேலி எதுவும் தெரியவில்லை.

இந்தப் பாடத்தின் பலனாகச் சர்வேயர் தன் எண்ணத்தை மறுபடியும் மாற்றிக்கொண்டார். ராணிகளை விடுகிறார், ஏழும் ரெண்டும் வைத்துக்கொண்டு ஏற்றுகிறார். ஆக இவருக்குச் சீட்டின் மதிப்பே தெரியவில்லை. தெரியாதவர் அடுத்த தடவை ஏற்றும்போது துணிந்து பார்த்துவிட வேண்டும். புதுசா ஆடுறவங்க ஒரு தந்திரம் பலித்துவிட்டால் அதையேதான் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

அந்தத் தடவையும் வந்தது. நடுவில் ஐந்து சீட்டும் விரித்தாயிற்று: இரண்டு ஒன்பது, ஒரு ஜாக்கி, ஒரு ரெண்டு, ஓர் ஐந்து. சர்வேயர் கையிலும் ஒரு ஜாக்கி. இரண்டு ஜோடி. மாமியார் ஒரு பெரிய குவியலைத் தள்ளினார். சர்வேயர் இந்த முறை யோசிக்கவே இல்லை.

"பார்க்கறேன் அத்தை."

மாமியார் முகம் சட்டென்று மலர்ந்தது. சீட்டைத் திருப்பிப் போட்டார். "எங்கிட்ட ஒண்ணுமே இல்லை. ஆறும் நாலும். எடுத்துக்கங்க மாப்பிள்ளை."

சர்வேயர் கை பொத்தான்கள் பக்கம் போயிற்று. கார்டு மெதுவாக அவர் மணிக்கட்டைத் தொட்டார்.

"ஆறு இல்லைங்க. ஒன்பது."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்பதுதான். நடுவிலிருந்த இரண்டோடு மூன்று ஒன்பது. மாமியார் சீட்டைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளியே நல்ல வெயில். அறை முழுக்க வெளிச்சம். அவர் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பிடித்தார். முழுக் கையையும் நீட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

"ஒன்பதுதான்," என்றார்.

கீழே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. மனைவி எழுந்து போய், கழுவின டம்ளர்களையே திரும்பக் கழுவினாள். சர்வேயர் தான் பார்த்த வண்டிகளை நினைத்துக்கொண்டார். பின்சீட்டில் ஒரு ஸ்கூல் பையோடு நின்ற ஒரு வண்டியை நினைக்கக் கூடாது என்று நினைத்து, அதையே நினைத்தார். அதற்குப் பிறகு அவருக்கு ஜெயிப்பது கௌரவப் பிரச்சினையாக இல்லை. தோற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அவர் முன்னால் கிடந்த பொத்தான்களை ஒரு கைப்பிடிக்குள் மூடிவிடலாம்.

மாமியார்தான் முதலில் பேசினார்.

"எனக்கு இதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு வலிக்குது. இனிமே நான் சீட்டைப் பார்க்கப் போறதில்லை."

"பார்க்காம எப்படி அத்தை ஆடுவீங்க?"

"வர்றது வரட்டும். கார்டு சார், போடுங்க."

கார்டு போட்டார். மாமியார் தனக்கு விழுந்த இரண்டு சீட்டையும் தொடவில்லை. அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டு, மறு கையால் தன் முன்னால் இருந்த எல்லாப் பொத்தான்களையும் நடுவில் தள்ளினார்.

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

சர்வேயர் ஆடிப்போய்விட்டார். இவ்வளவு வருஷ அனுபவத்தில் இப்படியொரு எதிராளியை அவர் சந்தித்ததில்லை. தன் சீட்டைப் பார்க்கிறவர் என்ன நினைக்கிறார் என்று கணக்குப் போடலாம். பார்க்கவே பார்க்காதவர் என்ன நினைக்கிறார் என்று எப்படிப் போடுவது? இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று பயந்து கவிழ்த்தார். ஆட்டத்துக்கு முன் வைக்கிற ஒரு பொத்தான் போயிற்று. அடுத்த கையிலும் மாமியார் பார்க்காமலே எல்லாவற்றையும் தள்ளினார். சர்வேயரிடம் ஏஸும் பத்தும் இருந்தன. அதையும் கவிழ்த்தார். இன்னொரு பொத்தான் போயிற்று.

மாமியார் நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. பிரார்த்தனை மாதிரி இருந்தது.

மேஜைக்கு அடியில் மனைவி சர்வேயரின் காலை மிதித்தாள். மெதுவாக இல்லை.

"என்னங்க, அவங்க கையிலே என்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரியாது. அப்புறம் எதைக் கண்டு பயப்படறீங்க?"

சர்வேயருக்குப் பொறிதட்டியது. நியாயமான பேச்சு. மாமியார் எதுவுமே நினைக்கவில்லை. நினைக்காதவரோடு ஆடும்போது அவர் நினைப்பைப் பற்றி நினைக்கவே கூடாது. தன் கையைப் பார்க்க வேண்டும், நன்றாக இருந்தால் வர வேண்டும். புதுசா ஆடுறவங்களை ஜெயிக்க அவர்கள் ஆடுகிற மாதிரியே ஆடினால் போதும். இவ்வளவு சுலபமான விஷயத்துக்கு ஒரு மத்தியானத்தையே தொலைத்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

அடுத்த கையில் அவருக்கு ஒரு ஏஸும் ஒரு ராணியும் வந்தன. "பார்க்கறேன்," என்றார். மாமியார் கவனமாக அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை எடுத்தார். ஒரு பத்தும் ஒரு மூணும். நடுவில் யாருக்கும் எதுவும் உதவவில்லை. சர்வேயருக்கு ஏஸ் இருந்தது, ஜெயித்தார். கைப்பிடி இரண்டு கைப்பிடி ஆயிற்று.

அதன் பிறகு ஆட்டம் சரிவில் இறங்குகிற வண்டி மாதிரி போயிற்று. மாமியார் பார்க்காமல் தள்ளுவார்; சர்வேயர் நல்ல கையாக இருந்தால் வருவார், இல்லாவிட்டால் ஒரு பொத்தானோடு ஒதுங்குவார். நடுவில் ஒரே ஒரு தடவை, சர்வேயர் ஒதுங்கிவிட்ட ஒரு கையில், மாமியாரின் பார்க்காத சீட்டுகள் ராஜா ஜோடியாகத் திரும்பியபோது, மாமியார் அவற்றைக் குற்றம் செய்த பிள்ளைகளைப் பார்ப்பது போல முறைத்தார். மற்றபடி தடையில்லை. பொத்தான்கள் மேஜையின் இந்தப் பக்கம் வந்துகொண்டே இருந்தன. கடைசிக் கையில் சர்வேயரிடம் பத்து ஜோடி. மாமியாரிடம் வழக்கம் போல ஒன்றுமில்லை. கடைசிப் பொத்தானை, கோட்டில் தைக்கிற பெரிய கறுப்புப் பொத்தான், மாமியார் தன் விரலாலேயே அவர் பக்கம் நகர்த்திவிட்டார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அத்தை."

"நியாயமாத்தானே ஜெயிச்சீங்க? யாரும் விட்டுக்கொடுக்கலையே?"

"இல்லை அத்தை. நியாயமான ஆட்டம்தான்."

"அப்ப சரி." மாமியார் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்தார். கொடுப்பதற்கு முன் அதைப் புடவைத் தலைப்பால் ஒரு முறை துடைத்தார்.

"ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கிளட்ச்சை முழுசா மிதிங்க. நீங்க எப்பவுமே பாதிதான் மிதிப்பீங்க."

"சரிங்க அத்தை."

"மழை நாள்லே ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். திட்டாதீங்க. கொஞ்சம் பொறுத்தா தானா வரும்."

மனைவி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார். "எதுக்கும்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? யாரும் எங்கிட்டேர்ந்து பிடுங்கலை. பந்தயத்திலே போச்சு. ஆடுறவங்களுக்கு அது சகஜம்." அப்புறம் எல்லோருக்கும் காப்பி போட உள்ளே போனார். நடையில் ஒரு சுமை இறங்கின மாதிரி தெரிந்தது. பாவம், மனசை மறைத்துக்கொள்கிறார் என்று சர்வேயர் நினைத்தார்.

காப்பி குடித்ததும் மனைவி அம்மாவோடு இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். சர்வேயர் வண்டியை எடுத்துப்போகக் கீழே இறங்கினார். கார்டும் கூடவே இறங்கினார். வண்டிக் கதவைத் திறந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைச் சரிசெய்து, சர்வேயர் உட்கார்ந்தார். கார்டு ஜன்னலோரம் நின்றார். ரயில் கிளம்புமுன் கடைசிப் பெட்டியில் நிற்கிறவர் போல, முன்னும் பின்னும் தெருவைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கலாமா தம்பி?"

"கேளுங்க சார்."

"நீங்க கவிழ்த்த சீட்டை அள்ளும்போது கண்ணிலே பட்டுது. அந்த ராஜா ஜோடியை எதுக்காக விட்டீங்க?"

சர்வேயர் சிரித்தார். இன்று முழுக்க யாரும் கேட்காத கேள்வி. விளக்கமாகவே சொன்னார்.

"இந்த ஆட்டத்திலே சீட்டைவிட ஆள்தான் முக்கியம் சார். எதிராளி எப்படி யோசிக்கறாங்கன்னு பார்த்து ஆடணும். புதுசா ஆடுறவங்க கையிலே இல்லாம ஏத்த மாட்டாங்க. அத்தை ஏத்தினாங்க, சரி, இருக்குன்னு விட்டேன். அவங்க இவ்வளவு புதுசுன்னு நான் எதிர்பார்க்கலை. கடைசியிலேதான் அவங்க மனசைச் சரியாப் பிடிச்சேன்."

கார்டு அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டார். வண்டியின் கூரையை ஒரு முறை தடவினார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்:

"புதுசுதான் தம்பி, தோக்கறதுக்கு. எங்க சீட்டாட்டக் குழுவிலே இத்தனை வருஷமா இந்த ஆட்டத்திலே அவங்களை ஜெயிச்ச ஆள் கிடையாது. இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னு கண் டாக்டர் சொன்னதிலேர்ந்து, சாவியை உங்ககிட்ட கௌரவமாத் தோத்துடணும்னு எங்கிட்ட தினமும் பயிற்சி எடுத்துக்கிட்டாங்க."